ஒன்பது வளைவுகளும் அப்பாவின் சாணும்

வெனிசில் ஓட்டல் வாடகை கட்டுப்படியாகவில்லை. நாங்கள் விச்சென்சாவுக்குப் போனதற்கு அதுதான் முழுக் காரணம். ரயிலில் முக்கால் மணி நேரம் தள்ளிப் போனால் பாதி விலையில் அறை கிடைக்கிறது, காலையில் வெனிஸ் போய்விட்டு ராத்திரி வந்து படுத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு மூன்று இரவுகளுக்கு புக் செய்திருந்தேன். அப்பா முதன்முதலாக வெளிநாடு வந்திருந்தார். மாயவரம், கும்பகோணம் பக்கம் நாற்பது வருஷம் கொத்தனாராகவும் அப்புறம் மேஸ்திரியாகவும் இருந்தவர், முட்டி வலி வந்த பிறகு சாரம் ஏறுவதை நிறுத்திவிட்டார். தங்கச்சிக்குப் பிரசவ நேரம் என்பதால் அம்மா வரவில்லை. நான் மியூனிக்கில் வேலை பார்க்கிறேன், அங்கிருந்து ரயிலில் ஆல்ப்ஸைத் தாண்டி வந்தோம். அப்பாவுக்கு மலை, பனி எதுவும் பெரிதாகப் படவில்லை. சுரங்கப்பாதைகளை மட்டும் எண்ணிக்கொண்டு வந்தார்.

புதன்கிழமை ராத்திரி போய்ச் சேர்ந்தோம். வியாழக்கிழமை காலை, வெனிஸுக்கு முன்னால் இந்த ஊரின் சதுக்கத்தை ஒரு அரை மணி நேரம் பார்த்துவிடலாமே என்று நடந்தோம். பியாட்சா தெய் சிஞ்ஞோரி, அதாவது பெருமக்களின் சதுக்கம். அதன் தென்பக்கம் முழுவதும் நிற்பதுதான் பசிலிக்கா பல்லாடியானா என்று படித்திருந்தேன். போய்ப் பார்த்தால் வியாழக்கிழமை சந்தை. வேன்கள், குடைத்துணிகள், உள்ளாடை, செருப்பு, படுக்கை விரிப்பு, பொரித்த மீன். கட்டடத்தின் கீழ்ப்பாதியே கண்ணில் படவில்லை. குடைத்துணிகளுக்கு மேலே வெள்ளை வளைவுகளும், அவற்றின் உச்சியில் வரிசையாகச் சிலைகளும், அதற்கும் மேலே கவிழ்த்த படகு மாதிரி பச்சை பூத்த செம்புக் கூரையும் மட்டும் தெரிந்தன. எனக்கு எரிச்சல். அப்பாவுக்கோ அந்தப் பயணத்திலேயே முதல் சந்தோஷம். ஒரு கடையில் பெல்ட் விலை கேட்டு, ரூபாய்க்கு மாற்றிப் பார்த்து, "கொள்ளைக்காரனுங்க" என்று சிரித்துக்கொண்டே நகர்ந்தார்.

அங்கிருந்தே அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். பசிலிக்கா என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "மெழுகுவத்தி ஏத்தினீங்களா?" வேளாங்கண்ணிக்கு வருஷம் தவறாமல் போகிறவர், அவர் மேல் தப்பில்லை. ஆனால் இது கோயில் இல்லை. நகர சபை கூடிய இடம், வழக்கு தீர்த்த இடம், கீழே கடைகள். பலாத்சோ தெல்லா ராஜ்யோனே, அதாவது நியாய மாளிகை, என்பதுதான் இதன் பழைய பெயர். பழைய ரோமாபுரியில் பசிலிக்கா என்றால் நீதிமன்றமும் வியாபாரமும் நடக்கும் பெரிய மண்டபம். கிறிஸ்தவர்கள் அந்த மண்டப வடிவத்தை எடுத்துக் கோயில் கட்டியது பின்னால் வந்த கதை. இந்தக் கட்டடத்தைச் செய்த பல்லாடியோவே பழைய அர்த்தத்தில் இதை பசிலிக்கா என்று அழைத்தார், அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கிச் சொல்லி முடித்ததும், "சரி, பக்கத்துல எங்கயாவது இருக்கும், ஏத்திட்டு வாங்க" என்றார்.

"மேஸ்திரி யாரு?" என்று அப்பா கேட்டார். எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் இதுதான் அவருடைய கேள்வி. ராஜா யாரு, எந்த வருஷம் என்றெல்லாம் கேட்கவே மாட்டார்.

தாழ்வாரத்துப் படியில் உட்கார்ந்து, போனில் படித்ததையும் ஏற்கெனவே தெரிந்ததையும் கலந்து சொன்னேன். உள்ளே இருக்கும் பழைய மாளிகை 15ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுந்தது. அதைச் சுற்றி இரண்டு அடுக்குத் தாழ்வாரம் வேண்டும் என்று ஆசைப்பட்டு, தொமாசோ ஃபொர்மென்தோன் என்பவரை வைத்துக் கட்டினார்கள். 1494இல் முடிந்தது. 1496இல் ஒரு மூலை இடிந்து விழுந்தது.

"ரெண்டே வருஷமா?" அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவர் வேலை செய்த எந்தக் கட்டடமும் விழுந்ததில்லை, அதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு.

அதற்குப் பிறகு ஐம்பது வருஷத்துக்கு மேல் இந்த ஊர் யோசித்தது. யோசித்தது என்றால், வட இத்தாலியின் பெரிய கட்டடக் கலைஞர்களை ஒவ்வொருவராக வரவழைத்து, செலவு செய்து, கருத்துக் கேட்டு, அனுப்பிவிட்டு, மறுபடி யோசித்தது. வெனிசிலிருந்து சான்சொவீனோ வந்தார். 1539இல் செர்லியோ வந்தார். வெரோனாவின் சான்மிக்கேலி வந்தார். மாந்துவாவிலிருந்து ஜூலியோ ரோமானோ 1542இல் வந்தார், அவர் ரஃபேலின் சீடர். யாரும் சரிப்படவில்லை. நம் ஊரில் பாலத்துக்குக் கமிட்டி போடுவது மாதிரிதான். கடைசியில் 1549இல் உள்ளூர் ஆளிடமே வேலையைக் கொடுத்தார்கள். வயது நாற்பது. அதுவரை சில வீடுகளும் தோட்ட மாளிகைகளும் செய்தவர், இந்த அளவுக்குப் பெரிய வேலை எதையும் தொட்டதில்லை.

"கல்தச்சனா?"

ஆமாம், அதேதான். அந்திரேயா, 1508இல் பதுவாவில் பிறந்தவர். அவருடைய அப்பாவுக்கு மாவு மில்லுக் கல் சம்பந்தப்பட்ட தொழில். பதின்மூன்று வயதில் பையனை ஒரு கல்தச்சரிடம் வேலைக்கு விட்டார்கள். ஒப்பந்தக் காலம் முடிவதற்கு முன்பே அவன் ஓடி விச்சென்சா வந்தான், பிடித்துத் திரும்பக் கொண்டுபோனார்கள், மறுபடி வந்துவிட்டான். இங்கே பெதெமூரோ என்ற இடத்தில் இருந்த பட்டறையில் கல் செதுக்கிக்கொண்டே முப்பது வயதை நெருங்கினான். அப்போது த்ரீசினோ என்ற பிரபு, புலவர், இவன் கையில் விஷயம் இருப்பதைக் கண்டுபிடித்து, ரோமாபுரிக்கு அழைத்துப் போய்ப் பழைய இடிபாடுகளை அளக்க வைத்து, பல்லாடியோ என்று பெயரும் வைத்தார். இந்தக் கதையில் ஓடிப்போனதும் பிடிபட்டதும்தான் அப்பாவுக்குப் பிடித்தது. அவரும் பதினாலு வயதில் சித்தாள் வேலையிலிருந்து ஒருமுறை ஓடியவர். திருச்சி ஜங்ஷனில் சித்தப்பா பிடித்தாராம்.

மதியத்துக்கு மேல் சந்தை கலைந்தது. வேன்கள் போனதும் முனிசிபாலிட்டி வண்டி வந்து பெருக்கிக் கழுவிவிட்டது. ஈரக் கல் தரையும் வெள்ளைக் கட்டடமுமாகச் சதுக்கம் திடீரென்று வாயைத் திறந்த மாதிரி ஆகிவிட்டது. வெனிஸ் பிளான் அப்போதே போயிற்று, எனக்குத் தெரிந்துவிட்டது. ஏனென்றால் அப்பா எழுந்து நடக்க ஆரம்பித்திருந்தார்.

நீளவாக்கில் ஒன்பது வளைவுகள். கீழே ஒன்பது, மேலே ஒன்பது. கீழ்த்தளத்தில் தோரிக் என்ற எளிய பாணித் தூண்கள், மேல்தளத்தில் தலையில் சுருள் வைத்த அயோனிக் பாணி. ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் ஒரு வளைவு, வளைவைத் தாங்க இரண்டு பக்கமும் சின்னத் தூண்கள், அவை முன்னும் பின்னுமாக ஜோடி ஜோடியாக நிற்கின்றன. அந்தச் சின்னத் தூண்களுக்கும் பெரிய தூணுக்கும் இடையே, ஆள் நுழையும்படி தட்டைத் தலையோடு ஒரு இடைவெளி. அதற்கு மேலே சுவரில் வட்டமாக ஒரு துளை. இதேதான் திரும்பத் திரும்ப. தூரத்திலிருந்து பார்த்தால் அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறது. நான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன், அப்பா ஒரு தூணடியில் நின்று, இடைவெளியில் கையை வைத்துச் சாண் போட்டுக்கொண்டிருந்தார். அடுத்ததற்குப் போனார். அங்கேயும் சாண். எதிரே காபிக் கடையில் உட்கார்ந்திருந்த இரண்டு கிழவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு இவரையே பார்த்தார்கள்.

"பாப்பா, இங்க வா. இது ஒண்ணா இல்ல."

"என்னப்பா?"

"சந்து ஒண்ணா இல்ல. அங்க அகலம், இங்க ஒடுக்கம். அந்த மூலைக்குப் போனா இன்னும் ஒடுக்கம். வளைவு மட்டும் ஒரே அளவு. எவனோ கோணலை முழுங்கியிருக்கான்."

நான் படித்திருந்தேன், ஆனாலும் என் கண்ணுக்கு அது தெரிந்திருக்கவில்லை. இந்தக் கட்டடத்தின் ரகசியம் முழுக்க அதுதான். பல்லாடியோவிடம் கொடுத்தது காலி மனை இல்லை. உள்ளே பழைய மாளிகை, அது மூலைமட்டத்தில் இல்லை. அதற்கும் அடியில் இன்னும் பழைய கட்டடங்கள், அவற்றுக்கு இடையில் ஊருக்குள் போய்வரும் சந்துகள். அந்தச் சந்துகள் இன்றும் கட்டடத்தின் வயிற்றுக்குள் புகுந்து பின்பக்கம் காய்கறிச் சதுக்கத்துக்குப் போகின்றன. புதுத் தாழ்வாரத்தின் தூண்கள் பழைய திறப்புகளுக்கு நேராக வந்து நிற்க வேண்டும். அப்படி நிறுத்தினால் ஒரு கட்டம் அகலம், ஒரு கட்டம் குறுகல், வளைவுகள் பல் விழுந்த வரிசை மாதிரி ஆகிவிடும். பல்லாடியோ என்ன செய்தார் என்றால், வளைவை மட்டும் எல்லா இடத்திலும் ஒரே அளவாக வைத்துக்கொண்டு, மிச்சம் எவ்வளவு வருகிறதோ அதைப் பக்கத்து இடைவெளிகளில் போட்டுவிட்டார். அகலமான கட்டத்தில் இடைவெளி பெரிசு, குறுகிய கட்டத்தில் சிறிசு, மூலைகளில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. கண் வளைவையும் வட்டத்தையும் பிடித்துக்கொண்டு தாவிப் போகிறது, இடைவெளிகளை யாரும் அளப்பதில்லை. அப்பா மாதிரி ஆள் வந்தால் தவிர.

அப்பாவுக்கு இது உடனே பிடிபட்டதற்குக் காரணம் டைல்ஸ். சென்னையில் நான் ஒரு ஃபிளாட் வாங்கினேன், கட்டிக் கொடுத்தவர்கள் பெயர் வேண்டாம். ஹால் ஒரு பக்கச் சுவரும் எதிர்ச்சுவரும் இரண்டு அங்குலம் முரண். டைல்ஸ் பதிக்க வந்தவரோடு அப்பா அன்று முழுக்கச் சண்டை போட்டார். டைல்ஸ்காரர் வழக்கமாக எல்லோரும் செய்வதைத்தான் செய்தார், அதாவது வாசலிலிருந்து முழு டைல்களாக வரிசை பிடித்து வந்து, கோணலை எல்லாம் கடைசிச் சுவரோரம் தள்ளி, ஆப்பு மாதிரி கட்டிங் பீஸ் போட்டு, "ஃபிரிட்ஜ் வந்து மறைச்சிடும் சார்" என்றார். ஃபிரிட்ஜ் மறைக்கவில்லை. இன்றைக்கும் அந்த ஆப்பு வரிசை என் கண்ணைக் குத்துகிறது.

"நாமெல்லாம் கோணலைக் கொண்டுபோய் ஒரு மூலையில கொட்டுவோம்," என்றார் அப்பா. "இந்த ஆளு எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சுக் கொடுத்திருக்கான்." பாராட்டாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அடுத்த மூச்சிலேயே, "ஏமாத்து வேலைதான்" என்றும் சொன்னார்.

நடுவில் வளைவு, பக்கங்களில் தட்டைத் திறப்பு என்ற இந்த அமைப்பைப் பல்லாடியோ கண்டுபிடிக்கவில்லை. பழைய ரோமானியக் கட்டடங்களிலேயே இருக்கிறது. அதைப் படம் போட்டு 1537இல் அச்சில் பரப்பியவர் செர்லியோ, அதனால் இத்தாலியில் அதற்கு செர்லியானா என்றே பெயர். அந்தச் செர்லியோதான் 1539இல் இதே ஊருக்கு வந்து யோசனை சொல்லிவிட்டு வேலை கிடைக்காமல் போனவர். அவர் பெயரைத் தாங்கிய அமைப்பை வைத்தே வேறொருவர் வேலையை முடித்தார். பிறகு இங்கிலாந்தில் அதையே பல்லாடியன் ஜன்னல் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். பாவம் செர்லியோ.

சம்பளம் எவ்வளவு என்று அப்பா கேட்டார். மாதம் 5 துக்காத், அந்தக் காலத்து வெனிஸ் நாணயம். மொத்தச் செலவு 60,000 துக்காத் என்கிறார்கள். பாதி பணம் கல்லுக்கே போயிருக்கும் என்பது அப்பாவின் மதிப்பீடு. வடக்கே மலையடிவாரத்தில் பியோவேனே என்ற ஊரின் வெள்ளைச் சுண்ணாம்புக் கல் அது. வெனிஸ் பக்கத்தில் பெரிய பெரிய மாளிகைகளையே செங்கல்லில் கட்டி மேலே சாந்து பூசிக் கல் மாதிரி காட்டியவர்தான் பல்லாடியோ, சிக்கனத்துக்குப் பேர் போனவர். இங்கே மட்டும் முழுக் கல். அப்பா தூணைத் தட்டிப் பார்த்து, இணைப்பில் நகத்தை ஓட்டி, "பூச்சு இல்ல, நெசம்" என்றார். வேலை ஆமை வேகம்தான். பணம் வரும்போது கட்டினார்கள், வராதபோது நிறுத்தினார்கள். மேல்தளம் முடிந்தது 1597இல், கடைசிக் கல் விழுந்தது 1610களில். பல்லாடியோ 1580இலேயே செத்துப்போனார். ஆனால் 1570இல் வெனிசில் அச்சிட்ட தன் நூலில் இதைப் படம் போட்டு, பழங்காலத்துக் கட்டடங்களோடு வைத்துப் பார்க்கத் தகுந்தது என்று தானே எழுதிக்கொண்டார். அடக்கம் இல்லாத ஆள். எனக்குப் பிடித்திருக்கிறது.

டிக்கெட் எடுத்து மேலே போனோம், முட்டிக்காக நின்று நின்று. மேல் தாழ்வாரத்தில் நின்று சதுக்கத்தைப் பார்ப்பது அழகுதான், எல்லா போட்டோவிலும் அதுதான் இருக்கும். எனக்கு அதைவிடத் திரும்பி நின்று உட்பக்கம் பார்த்ததுதான் மனதில் நிற்கிறது. வெள்ளைத் தூண்களுக்குப் பின்னால் பழைய மாளிகையின் சுவர் அப்படியே இருக்கிறது. இளஞ்சிவப்பும் மஞ்சளுமாக வெரோனாக் கல்லில் சாய்சதுரக் கட்டங்கள், பாட்டி காலத்து ஜமுக்காளம் மாதிரி, கூர்மையான கோதிக் ஜன்னல்களோடு. பல்லாடியோ அதை இடிக்கவில்லை, மறைக்கவும் இல்லை. சட்டை மேல் கோட்டுப் போட்ட மாதிரி வெளியே சுற்றி நிறுத்தியிருக்கிறார். மறுமலர்ச்சிக் காலத்தின் பெரிய சின்னம் என்று சொல்கிறார்களே, கிட்டப் போய்ப் பார்த்தால் அது ஒரு ரிப்பேர் வேலை. விழுந்த தாழ்வாரத்துக்குப் பதில் விழாத தாழ்வாரம். "உள்ள இருக்கறதுக்கு முட்டுக் கொடுத்துருக்கான்" என்று அப்பா முடித்துவிட்டார்.

உள்ளே ஒரே ஹால். ஐம்பது மீட்டருக்கு மேல் நீளம், நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. மேலே பார்த்தால் கப்பலைக் கவிழ்த்து அதற்குள் நிற்கிற மாதிரி மர வளைவுகள். நகரத்தின் நானூற்றுவர் சபை கூடிய இடம், இப்போது கண்காட்சிகள் நடக்கின்றன. நாங்கள் பார்க்கும் கூரை பழசு இல்லை. 1945 மார்ச் 18 அன்று குண்டு விழுந்து பழைய கூரை முழுக்க எரிந்துபோனது, பக்கத்து மணிக்கூண்டின் தலையும் போயிற்று. இத்தாலியில் போர் முடிய ஏழு வாரம்கூட இல்லாத நேரம். பிறகு திரும்பக் கட்டி, 2007இலிருந்து 2012 வரை மறுபடி பழுது பார்த்திருக்கிறார்கள். ஆக, ரிப்பேரின் ரிப்பேர்.

எதிர்ப்பக்கம் நிற்கும் செங்கல் கட்டடமும் பல்லாடியோவுடையதுதான், 1571, 72 வாக்கில். வெனிஸ் அனுப்பிய கவர்னரின் இடம் அது. 1404இலிருந்து இந்த ஊர் வெனிஸுக்கு அடங்கியது, சதுக்கத்தின் ஓரத்தில் ஒரு தூண் மேல் வெனிஸின் சிறகுள்ள சிங்கம் உட்கார்ந்திருப்பதே அதைச் சொல்லத்தான். ஆள்பவன் ஒரு பக்கம், ஊர்க்காரர்கள் சபை ஒரு பக்கம், நடுவில் சந்தை. ஊர்க்காரர்கள் தங்கள் பக்கத்தை ஆள்பவன் பக்கத்தைவிட மூன்று மடங்கு நீளமாகவும், செங்கல்லுக்குப் பதில் கல்லிலும் கட்டிக்கொண்டதில் ஒரு குசும்பு இருப்பதாக எனக்குப் படுகிறது. எதிரே இருப்பது அரைகுறையில் நின்றுபோன மாதிரி மூன்றே வளைவு. அப்பா அதைத் திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு பக்காலா. உப்புப் போடாமல் குளிர்காற்றில் விறகு மாதிரி காயவைத்த நார்வே மீன். 1432இல் கப்பல் உடைந்து நார்வேத் தீவொன்றில் ஒதுங்கிய குவெரீனி என்ற வெனிஸ் வியாபாரிதான் இதை முதலில் இந்தப் பக்கம் அறிமுகப்படுத்தியதாகச் சொல்வார்கள். அதை நாள்கணக்கில் ஊறவைத்து, பால், வெங்காயம், நெத்திலி, நிறைய எண்ணெய் போட்டு, கரண்டி வைக்காமல் மணிக்கணக்கில் சின்னத் தீயில் வேகவிட்டு, மக்காச்சோளக் களியோடு தருகிறார்கள். "கருவாட்டைப் பாலுல போட்டு..." என்று அப்பா வாக்கியத்தை முடிக்காமல் ஒரு வாய் வைத்தார். அப்புறம் தட்டை வழித்துவிட்டார். களி மட்டும் கேழ்வரகுக்கு உறைபோடக் காணாது என்றார், அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

ஓட்டலுக்குத் திரும்பும் வழியில் மறுபடி அதே சதுக்கம். விளக்கு வெளிச்சத்தில் கட்டடம் இன்னும் வெள்ளையாக இருந்தது, தாழ்வாரத்துக்குள் நகைக் கடைகளின் கதவுகள் மூடியிருந்தன. இந்த ஊருக்குப் பொற்கொல்லர் ஊர் என்றும் பேர். அப்பா என் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கிக் குடித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டையும் பென்சிலையும் எடுத்து, கிழக்கு மூலையிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு இடைவெளியிலும் குனிந்து சாண் போட்டு, மிச்சத்துக்கு விரல் போட்டு, எழுதிக்கொண்டு, அடுத்தது. ஒன்பது கட்டம், கட்டத்துக்கு இரண்டு இடைவெளி. மூலையில் இடம் இல்லாமல் கையைச் சாய்த்து நுழைக்க வேண்டியிருந்தது. நான் படியில் உட்கார்ந்து அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன், தங்கச்சிக்கு வலி எடுக்கவில்லை, மெழுகுவத்தி ஏத்தலையா என்று மறுபடி கேட்டார்.

வெள்ளிக்கிழமை ஒருவழியாக வெனிஸ் ரயிலில் ஏறினோம். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து நோட்டைப் பிரித்து வைத்து, எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டு வந்தார். பதுவா தாண்டியதும் தலையைத் தூக்கி, "மூணாவது கட்டத்துல தப்பா எழுதிட்டேன் போல, ரெண்டு பக்கமும் ஒத்து வரல" என்றார். "சாயங்காலம் இருட்டறதுக்குள்ள திரும்பிடலாம்ல?"